மூன்று நாள் முன்னறிவிப்பு

வேளாபுரிக் கல்விச்சாலைக்குக் கடல் தாண்டியெல்லாம் பிள்ளைகள் படிக்க வருவார்கள். வந்து இறங்கியதும் ஆளுக்குப் பத்துப் பொன் வாங்கிக்கொண்டு, கையில் ஒரு செப்புப் பட்டயத்தைக் கொடுத்துவிடுவார் மந்திரி கருணாகர ராயர். நோய்நொடி வந்தால் அதைக் காட்டினால் போதும், அரண்மனை வைத்தியம் இலவசம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! பட்டயத்தோடு ஒரு விதி ஓலையும் உண்டு. அதை யாருக்கும் வாசித்துக் காட்டும் வழக்கம்தான் கிடையாது.

ஒரு நாள் காலை, பவளத் தீவிலிருந்து வந்த சுதர்மன் என்ற மாணவன் சுவடி அறை ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். எலும்பு வைத்தியர் நாச்சியப்பர் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பொழுது சாய்வதற்குள் கட்டுப் போடணும். இல்லையென்றால் ஆயுசுக்கும் நொண்டிதான். ஆனால் ராயர் முத்திரை இல்லாமல் நான் கை வைத்தால் என் வேலை போய்விடும்."

இது சபையின் விகடகவி வெண்காடன் காதுக்கு எட்டியது. அவன் மந்திரியிடம் ஓடினான்.

"நோய்க்கு மூன்று நாள் முன்னறிவிப்பு வேண்டும். கொடுத்தானா?" என்றார் ராயர்.

"விழப்போவது மூன்று நாள் முன்னாலேயே தெரிந்தால் அவன் ஏன் ஐயா ஏணியில் ஏறுகிறான்?"

"அது அவன் பாடு. தவிர, சொந்த ஊரிலிருந்து கொண்டுவந்த கோளாறுக்கு இங்கே வைத்தியம் கிடையாது. அந்தக் கால் என்ன, வேளாபுரியில் முளைத்ததா? கூடவே கொண்டுவந்ததுதானே!"

பேர்தான் கருணாகரர். வெண்காடன் கோபத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல், "நல்ல விதி! ஓலையைக் கொடுங்கள், எல்லாருக்கும் வாசித்துக் காட்டுகிறேன்" என்றான். ராயருக்குப் பெருமை தாங்கவில்லை. எடுத்துக் கொடுத்தார்.

உச்சிவேளைக்குச் சபை கூடியது. ராஜா சித்திரசேனர் தம் ஒரே மகனை அடுத்த வாரம் பவளத் தீவுக்குப் படிக்க அனுப்புவதாக இருந்தார். அந்தக் கவலையிலேயே இருந்தவர் முன் வெண்காடன் போய் நின்றான். அவன் பின்னால் நாச்சியப்பரும் வந்து வாசலருகே நின்றார்.

"மகாராஜா, கடல் கடந்து படிக்கப் போகும் பிள்ளைக்கான வைத்திய விதி கிடைத்திருக்கிறது. வாசிக்கட்டுமா?"

"வாசி, வாசி!"

"நோய் வரப்போவதை மூன்று நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும்."

"என்னது? என் பிள்ளை படிக்கப் போகிறானா, குறி சொல்லப் போகிறானா?"

ராஜா பக்கத்தில் நின்ற ராயர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நோயாளியைப் பெற்றவர்கள் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும்."

"அவனுக்குத் தடுமம் பிடித்தால் நான் கப்பல் ஏறணுமா! ராயரே, நீர் சொல்லும், இது நியாயமா?"

"அ... அநியாயம்தான், மகாராஜா" என்று முனகினார் ராயர்.

"இதை எழுதின படுபாவி மட்டும் என் கையில் கிடைக்கட்டும்!"

"ரொம்ப தூரம் போக வேண்டாம். உங்கள் வலது பக்கம்தான் நிற்கிறார். முத்திரையைப் பாருங்கள்" என்று ஓலையை நீட்டிய வெண்காடன், சுதர்மனின் கதையையும் சொல்லி முடித்தான்.

ராஜா முத்திரையைப் பார்த்தார். முகம் சிவந்து, பிறகு வெட்கத்தில் தணிந்தது. "அவனும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே" என்று தம் மோதிரத்தைக் கழற்றி நாச்சியப்பரிடம் கொடுத்தார். "ஓடும்! முதலில் அந்தப் பிள்ளையின் காலைக் கட்டும்!"

மெல்லப் பின்வாங்கி நழுவப் பார்த்த ராயர் படி தடுக்கிக் கீழே விழுந்தார். தலை தூணில் மடேரென்று மோதியது.

"ஐயோ, என் தலை! வைத்தியரே!"

வாசலைத் தாண்டப்போன நாச்சியப்பர் திரும்பினார். வெண்காடன் கை காட்டி நிறுத்தினான்.

"நீங்கள் போங்கள் வைத்தியரே. ராயருக்குப் பூர்வீகம் மலையனூர். அந்தத் தலை அங்கிருந்து கொண்டுவந்தது. கோளாறும் பழையதுதான்!"

ராஜா கிரீடம் சரியச் சிரித்தார். "என்ன பரிசு வேண்டும், கேள்!"

"அந்த ஓலைதான். சுதர்மன் காலுக்கு எண்ணெய் காய்ச்ச அடுப்புக்கு ஆகும்."

பொழுது சாய்வதற்குள் சுதர்மனுக்குக் கட்டுப் போட்டாயிற்று. ராயர் தலைக்கும் பற்றுப் போட்டார்கள். ஆனால் சரியாக மூன்று நாள் கழித்து.