கடைசி வயலின் முறை

ஏரியில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான் மிச்சம். கதிர் பால் பிடிக்கிற நேரம். தண்ணீர்ப் பங்கில் வெட்டுக்குத்து ஆகிவிடக் கூடாதே என்று ஊரார் மலையடி மடத்துக்கு ஓடினார்கள். மடம் சொல்வதற்குக் கட்டுப்படுவதாகச் சத்தியமும் செய்தார்கள். மடத்துக் குரு, தண்ணீரைப் பங்கிடத் தன் சீடன் வேதையனை அனுப்பிவைத்தார்.

வேதையனுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அடியில் துளையிட்ட செம்பு வட்டிலை மதகருகே ஒரு தொட்டியில் மிதக்கவிட்டான். அது மூழ்கும்வரை ஒருவர் வயலுக்குத் தண்ணீர். மூழ்கியதும் அடுத்தவர் முறை. பெரிய குடும்பம், சின்னக் குடும்பம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எல்லார் முறையும் முடிந்தபோது, கடைசி வயல்காரன் கூத்தன் மண்வெட்டியோடு வந்து மதகை மறித்து நின்றான்.

"என் வயலுக்குச் சொட்டுத் தண்ணி வரல. இந்தக் கதிரும் போனா நாங்க ஊரை விட்டே போக வேண்டியதுதான்."

"உன் முறை முடிஞ்சுபோச்சு. வட்டில் முழுகினத நானே பார்த்தேன்," என்றார் முதல் வயல் மாசிலாமணி. "மறுசுத்து என்னோடது. நகரு."

"மதகுல கை வெச்சா நடக்கிறதே வேற."

மாசிலாமணியின் மகன்கள் அரிவாளோடு முன்னால் வந்தார்கள். வேதையனுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். இவ்வளவு நேர்மையாகப் பங்கிட்டும் கெட்ட பெயரா!

சத்தம் கேட்டுக் குருவே இறங்கி வந்தார். "நான் திரும்பி வர்ற வரைக்கும் யாரும் மதகைத் தொடாதீங்க" என்றவர், வேதையனையும் கூத்தனையும் கூட்டிக்கொண்டு வாய்க்காலோடு நடந்தார்.

"எல்லாருக்கும் ஒரே அளவுதான் விட்டேன் சாமி. பங்குன்னா அதுதானே? வேற என்ன?"

பாதி தூரம்வரை வாய்க்காலில் சேறு இருந்தது. அதற்கப்பால் வெறும் வெடிப்பு. கூத்தனின் வயலில் இறங்கியதும் வேதையனின் கால் ஒரு வெடிப்பில் சிக்கிக்கொண்டது.

"எங்க வெச்சு அளந்தே?" என்றார் குரு.

"மதகுலதான் சாமி."

கூத்தன் ஒரு கதிரைப் பறித்து நசுக்கிக் காட்டினான். பால் இல்லை. வேதையனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"வாய்க்காலே குடிச்சிருச்சு சாமி. எனக்குத் தோணவே இல்ல." வேதையன் வெடிப்பிலிருந்து காலை இழுத்தெடுத்தான். "ஆனா மாசிலாமணி அரிவாள் தூக்கின மகன்களோட நிக்கிறாரே. அவர்கிட்ட நான் என்ன சொல்ல?"

"மடத்துல பண்ணின சத்தியத்தை ஞாபகப்படுத்தி மதகைத் திறக்கச் சொல்லிட்டு, வட்டிலையும் தொட்டியையும் தூக்கிட்டு இங்க வா. தண்ணி வந்து இந்த வயல்ல கூத்தன் கால் நனைஞ்ச பெறகு மிதக்க விடு."