முன்கூட்டியே சொன்ன நன்றி

எங்கள் கொட்டாவிப்பட்டிக்கு பஸ் கிடையாது. வெயிலில் நடந்து நடந்து மற்றவர்களுக்குக் கால்தான் வலித்தது. அழகுமலைக்குக் குடும்பமே ஆட்டம் கண்டுவிட்டது. அவன் பெண்டாட்டி பூவாத்தா கோபித்துக்கொண்டு தாய்வீடு போனவள், "இனிமே இந்த ஊருக்கு நடந்து வரமாட்டேன். பஸ் விடட்டும், அதுல ஏறி வர்றேன்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் வைத்த குழம்பு அப்படி.

ஊர் கூடிப் பேசியது. நாங்கள் கூடிப் பேசினால் என்ன ஆகும் என்று எங்களுக்கே தெரியும், இருந்தாலும் கூடினோம். டவுனில் ஒருவர் இங்கிலீஷில் மனு எழுதி, கடைசியில் 'தேங்கிங் யூ இன் அட்வான்ஸ்' என்று போட்டுக் கொடுத்தார். முன்கூட்டியே நன்றி என்று அர்த்தமாம்.

ஊர்த்தலைவர் கொண்டைச்சாமி மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முன்கூட்டியே நன்றிங்கிறான். ஆனா கடைசியில எழுதியிருக்கானே, தப்பில்ல?"

"தப்புதாங்க" என்றான் அழகுமலை. "அட்வான்ஸ் குடுக்காம எவன் வீட்டுச் சாவி குடுப்பான்?"

"அப்ப நன்றிதான் முதல்ல போகணும்."

"மனு?"

"அது பின்னால வரட்டும். என்ன அவசரம்?"

மறுநாளே மேளதாளத்தோடு டிப்போவுக்குப் போய், "எங்க ஊருக்கு பஸ் விட்டதுக்கு நன்றி" என்று மேனேஜருக்கு மாலை போட்டோம். எப்போது விட்டோம் என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. ஆனால் விழுந்த மாலையை யார் கழற்றிக் கொடுப்பார்கள்? சிரித்தபடி போட்டோவுக்கு நின்றார். பேப்பரிலும் வந்தது.

அதன் பிறகு அழகுமலை மனுவை நீட்டினான். மேனேஜர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க ஊருக்குத்தான் பஸ் ஓடுதேய்யா! ஓடாத பஸ்ஸுக்கு எவனாச்சும் மாலை போடுவானா? புதுசு வேணும்னா பழசை ரத்து பண்ணணும்."

அழகுமலை ஒரே ஓட்டமாக ஊருக்கு வந்தான்.

"தலைவரே, நம்ம பஸ்ஸைப் பிடுங்கப் பாக்குறாங்க!"

"எந்த பஸ்ஸை?"

"இன்னும் வராததை."

"வர்றதுக்கு முன்னாடியேவா? என்ன அநியாயம்!"

ஊரே ரோட்டில் மறியலுக்கு உட்கார்ந்தது. மறிக்க ஒரு பஸ்கூட வரவில்லை. "பயந்துட்டானுக" என்றார் தலைவர்.

மேனேஜர் நிஜமாகவே பயந்துதான் போனார். பஸ்ஸே ஓடாத விஷயம் வெளியே வந்தால் மாலை போட்ட போட்டோ சிரிப்பாய்ச் சிரித்துவிடும். அவசரமாக ஒரு பஸ்ஸுக்குக் கொட்டாவிப்பட்டி போர்டு மாட்டி அனுப்பினார். வழியில் அந்த போர்டைப் பார்த்த பூவாத்தா பெட்டியோடு ஏறிக்கொண்டாள்.

பஸ் வந்ததும் அழகுமலை சக்கரத்துக்கு முன்னால் படுத்துவிட்டான். "எங்க பஸ்ஸைப் பறிக்காதே!"

"யோவ், இதுதான்யா உங்க பஸ்!" என்று டிரைவர் கத்தினார்.

"அப்ப இதைத்தான் பறிக்க வந்திருக்கானுக! விடாதீங்க!"

ஜன்னலில் பூவாத்தா தலையை நீட்டினாள். "யோவ், எந்திரிய்யா! நான் வந்திருக்கேன்!"

"செத்த பொறு புள்ள! நீ பஸ்ல வரணும்னுதானே போராடிக்கிட்டு இருக்கேன்!"

டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு பஸ்ஸைத் திருப்பினார். அது பூவாத்தாவோடு வந்த வழியே போய் மறைந்தது. எல்லோரும் கைதட்டி அழகுமலையைத் தோளில் தூக்கினோம். அவனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா தலைவரே, பஸ்ஸையும் ரத்து பண்ண விடல. அவளும் சொன்ன சொல்லு மாறாம பஸ்லயே வந்துட்டுப் போயிட்டா!"