முதலில் படகேற வேண்டியவர்

முன்னொரு காலத்தில், ஆற்றின் தென்கரையை ஆண்ட ஓர் அரசருக்குத் திடீரென்று ஓர் எண்ணம் பிறந்தது. வேற்று மண்ணில் பிறந்தவர் எவரும் தம் நாட்டில் இருக்கலாகாது என்று முரசறையச் சொன்னார். பஞ்சத்துக்குத் தப்பி வடகரையிலிருந்து வந்து, இங்கேயே உழுது பிழைத்துப் பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் படகேற வேண்டும்.

அந்த எண்ணத்தை ஊதிவிட்டவர் தளவாய் இரணகேசரி. அரண்மனை விகடன் நக்கண்ணன்மேல் அவருக்குத் தீராத பொறாமை. நக்கண்ணன் கைக்குழந்தையாய் அந்த ஆற்றைக் கடந்து வந்தவன்.

நாட்டின் பேரவையார் ஒப்பவில்லை. தங்கள் சம்மதமில்லாத ஆணை செல்லாது என்று தீர்மானித்தார்கள். தம் வாய்ச்சொல்லே சட்டம் என்று சொல்லி அரசர் பேரவையைக் கலைத்துவிட்டார்.

மறுநாள் படகுத்துறையெங்கும் அழுகையும் மூட்டையும். முதல் படகில் ஏறும்படி தளவாய் நக்கண்ணனை ஏவினார். முதுகில் வேல்முனை பட்டது. ஆனாலும் அவன் ஏறவில்லை. அதைப் பார்த்து மற்றவர்களும் மூட்டையை இறக்கிவைத்து மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். செய்தி கேட்டு அரசரே வந்தார்.

"ஆணையை மீறுகிறாயா, நக்கண்ணா?"

"இல்லை, அரசே. அரசர் ஏறுமுன் குடிமகன் ஏறுவது முறையல்லவே. காத்திருக்கிறேன்."

"நான் ஏன் ஏற வேண்டும்?"

"தங்கள் தாயார் வடகரை அரசரின் மகள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? தாங்களோ மூத்த பிள்ளை."

அரசருக்கு விலக்கு உண்டென்று தளவாய் குழறினார். அந்த விலக்கை இப்போதே தாமே அளிப்பதாக அரசரும் சொன்னார்.

"முரசு அறைந்தபோதே தாங்கள் அயலார் ஆகிவிட்டீர்கள், அரசே. அயலார் சொல் இங்கே எப்படிச் சட்டமாகும்? பேரவையைத்தான் கேட்க வேண்டும்."

வேறு வழியின்றிப் பேரவையார் மணலுக்கே அழைக்கப்பட்டார்கள். அவைத்தலைவர் பூதனார் நிமிர்ந்து நின்று, "ஒருவருக்கு மட்டும் விலக்குத் தர மாட்டோம். ஆணையையே நீக்குகிறோம்" என்றார்.

அரசர் காலிப் படகைப் பார்த்தார். உட்கார்ந்திருந்த மக்களைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். இந்த வயதில் தாய்வீடு போனால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்டு, ஆணை ஒழிந்ததென்று தாமே அறிவித்தார். மூட்டைகளை வீடுவரை சுமக்கும் வேலை தளவாய்க்கு. முத்துமாலை விகடனுக்கு.

நக்கண்ணன் வணங்கி வாங்கிக்கொண்டான். ஆனால் அன்று முதல் அவன் நின்ற இடம் அரசரின் அருகில் அல்ல, பேரவையாரின் வரிசையில்.