ரயில்பூச்சியில் ஏறிய சாணி உருண்டை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய்யென்றால் என் மீசை உதிரட்டும். மீசையே இல்லையே என்று கேட்காதீர்கள், அது வேறு கதை.

நாய்க்குட்டியையும் சைக்கிளையும் ரயிலில் ஏற்றலாமா என்று மனிதர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள். பூச்சிகள் அதை ஒரே மழையில் தீர்த்துவிட்டன.

குளத்தங்கரை நாவல்மரத்தடியில் ஒரு ரயில்பூச்சி இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு கால். நானே குப்புறப் படுத்து எண்ணினேன். அதன் முதுகில் ஏறிக்கொண்டால் மேட்டுக்குப் போய்விடலாம். நல்ல சாது. ஆனால் யாராவது கத்தினால் வட்டமாகச் சுருண்டுகொள்ளும். சத்தம் அடங்கும்வரை நகராது.

ஒருநாள் பிற்பகலில் வானம் கறுத்தது. மழை கொட்டினால் கரை முழுகிவிடும். கடைசி ரயில் அதுதான். நத்தை முதலில் ஏறி, தலைப்பக்கம் வசதியாக உட்கார்ந்தது. பின்னாலேயே சில தத்துக்கிளிகளும் தாவி ஏறின.

அடுத்து எறும்பு வந்தது. நாம் பசு வளர்ப்பதுபோல எறும்புகள் அசுவினிப் பூச்சி வளர்க்கும். அது தித்திப்பாக நீர் சுரக்கும். இந்த எறும்போ கறந்ததைவிடக் கொஞ்சியதே அதிகம். “அம்மு, அம்மு” என்று மடியிலேயே வைத்திருந்தது.

அதற்கும் பின்னால் சாணிவண்டு, பின்னங்காலால் ஓர் உருண்டையை உருட்டிக்கொண்டு வந்தது.

நத்தை கொம்பை நீட்டியது. “நில்லுங்க. இது என்ன சந்தைக்குப் போற வண்டியா? ஆள் மட்டும்தான் ஏறலாம். வளர்க்கிற பிராணி கூடாது. உருளுற சாமானும் கூடாது.”

“அம்மு யாரையும் கடிக்காதுங்க” என்றது எறும்பு.

“இன்னிக்கு அசுவினி. நாளைக்கு ஒருத்தன் தவளையோட வருவான். ‘இதுவும் கடிக்காதுங்க, முழுங்கத்தான் செய்யும்’பான்.”

ஏறியிருந்த தத்துக்கிளிகள் சிரித்தன.

வண்டு கெஞ்சியது. “நத்தையாரே, மேட்டிலே என் சம்சாரம் குழி தோண்டி வச்சிட்டுக் காத்திருக்கா. இதுக்குள்ளதான் முட்டை வைக்கணும். பொறக்கிற பிள்ளைக்கு இதுதான் சோறு. இறங்கினதும் உருட்டிக்கிட்டே வீட்டுக்குப் போயிருவேன்.”

“நாறுதேய்யா.”

“உங்களுக்கு நாறுது. என் பிள்ளைக்கு மணக்கும்.”

“விட்டுட்டு ஏறு! இல்லேன்னா நீயும் நில்லு!” என்று நத்தை கத்தியது. வண்டும் கத்தியது. ரயில்பூச்சி சடக்கென்று சுருண்டது. நத்தை, தத்துக்கிளிகள் எல்லாம் பொலபொலவென்று கீழே விழுந்தன.

முதல் துளி விழுந்தது. குளத்து நீர் ஒரு விரல் ஏறியது.

சுருளுக்குள்ளிருந்து ரயில்பூச்சி கேட்டது: “முடிவா என்ன சட்டம்னு சொல்லுங்க. அதன்படி ஏத்திக்கிறேன்.”

“உடம்பு மட்டும். மேலே ஒரு துரும்புகூடக் கூடாது” என்றது நத்தை.

“சரி. அப்ப வீட்டை இறக்கி வச்சிட்டு ஏறுங்க, நத்தையாரே.”

“எந்த வீட்டை?”

“உங்க முதுகிலே இருக்கிறதைத்தான். இருக்கிறதிலேயே கனமான மூட்டை அதுதான். சுமக்கிறவனுக்குத் தெரியாதா? இத்தனை நாளா ஒரு வார்த்தை சொன்னேனா?”

“இது என் உடம்போட ஒட்டினதாச்சே.”

“இது என் மனசோட ஒட்டினது” என்று வண்டு உருண்டையைக் கட்டிக்கொண்டது.

நத்தையின் கொம்பு மெல்ல உள்ளே போனது. நீர் இன்னொரு விரல் ஏறியது. நத்தை தணிந்த குரலில் சொன்னது: “கடைசி வளையத்திலே யாரும் உட்கார்றதில்லை. உருண்டையை அங்கே வைக்கலாம். உருளாம இருக்க என் பசையைத் தடவி, நானும் பக்கத்திலே இருந்து பிடிச்சுக்கிறேன்.”

“அம்மு?”

“மடியை விட்டு இறங்கக் கூடாது.”

சத்தம் அடங்கியது. ரயில் நிமிர்ந்தது. கொட்டுகிற மழையில் முந்நூற்றுப் பன்னிரண்டு காலும் மேட்டைப் பிடித்தன. திரும்பிப் பார்த்தால் நாவல்மரத்தடியில் மீன் நீந்துகிறது. உருண்டை மட்டும் இம்மி அசையவில்லை.

குழி வாசலில் வண்டின் மனைவி உருண்டையைத் தொட்டுப் பார்த்தது. “என்னங்க இது, பிசுபிசுன்னு?”

“ரயில்ல கூட வந்தவர் பிள்ளைக்குக் கொடுத்த சீர்” என்றது வண்டு.

அடுத்தவர் மூட்டையைக் குறை சொல்லும் முன் தன் முதுகைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதைச் சொன்னது நான்தான் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். கதையை வெளியில் விட்டது யார் என்று விசாரிக்க நத்தை கிளம்பி மூன்று வருஷம் ஆகிறது. இப்போது எங்கள் தெருமுனைக்கு வந்துவிட்டதாம்.