கடைசி நேரத்தில் வந்த மாமா

ஏழு பாளையங்களுக்கும் சேர்த்து ஒரு பெரிய பிரதானியைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவானது. பாளையத்துக்கு ஒருவர் போட்டியிடலாம். செங்குளத்திலிருந்து போகும் அந்த ஒருவர் யார் என்பதற்கு முதலில் ஒரு போட்டி வைக்க வேண்டியதாயிற்று. அதாவது, போட்டிக்குப் போவதற்கு ஒரு போட்டி.

மூன்று பேர் நின்றார்கள். ஏரி மணியக்காரர், குதிரைப்படைத் தலைவர், சந்தைத் தலைவர். இரண்டு மாதம் ஊர் ஊராகச் சுற்றினார்கள். மூவருமே 'பழைய முறையைக் காப்பேன்' என்றுதான் பேசினார்கள். அப்படிப் பேசாதவருக்குச் செங்குளத்தில் ஒரு புளியங்கொட்டைகூட விழாது. அங்கே புளியங்கொட்டைதான் வாக்கு. வேட்பாளருக்கு ஒரு குடம். ஊர்த்தலைவர்கள் ஆளுக்கொரு கொட்டையைத் தமக்குப் பிடித்தவர் குடத்தில் போட வேண்டும்.

மூவருக்கும் தொண்டை கட்டி, வாக்கெடுப்புக்கு ஒரே நாள் மிச்சமிருந்தபோது, செங்குளத்து அரசர் முத்துவிசய நாயக்கரின் தாய்மாமன் திருவேங்கடப்ப நாயக்கர் பல்லக்கில் வந்து இறங்கினார்.

"மருமகனே, நானும் நிற்கிறேன்."

"இப்போதா, மாமா?"

"இப்போதுதான். இந்த மூன்று பேர் பழமையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடி வந்தேன். மூன்று வீட்டுக் குழம்பிலும் மிளகாய். மிளகாய் கப்பலில் வந்த சரக்கு. நம் முன்னோர் மிளகைத் தவிர வேறு காரம் அறிவார்களா?"

அரசர் மீசையைத் துடைத்துக்கொண்டார். அவர் அன்று காலைதான் இரண்டு வறுத்த மிளகாயோடு பழையது சாப்பிட்டிருந்தார்.

"நான் வந்தால் மிளகாய்ச் செடியைப் பிடுங்குவேன். சந்தையை மூடுவேன். அப்புறம், உன் சபையில் விகடம் பேசுவதற்கென்று ஒரு ஆள் இருக்கிறாராமே. உன் தாத்தா சபையில் யாராவது சிரித்ததுண்டா?"

"இல்லை, மாமா."

"அந்த வேலையும் இருக்காது."

அந்த ஆள் அம்பலக்கூத்தர். தூணோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மாமா குளிக்கப் போனதும் அரசர் அவரை அருகில் அழைத்தார்.

"கூத்தரே, மாமா எதிரில் உட்கார்ந்திருந்தால் ஊர்த்தலைவர் ஒருவரும் வேறு குடத்தில் கொட்டை போடமாட்டார். அவர் நிற்கக்கூடாது. ஆனால் 'வேண்டாம்' என்று நான் சொல்ல முடியாது. அம்மாவின் அண்ணன். நீரும் சொல்லக்கூடாது. சபையில் யாருமே சொல்லக்கூடாது."

"அவராகவே விலக வேண்டும்."

"ஆமாம். விலகாவிட்டால் உம் வேலை போய்விடும். நான் எடுக்கமாட்டேன். அவர் எடுப்பார்."

"விலகினால்?"

"கேட்டதைத் தருகிறேன்."

மறுநாள் காலை சபை கூடியது. ஊர்த்தலைவர்களும் மூன்று வேட்பாளர்களும் வந்தார்கள். நான்காவதாக ஒரு குடத்தையும் கொண்டுவந்து வைத்தார்கள். கூத்தர் மாமாவை இடுப்பு வளைய வணங்கினார்.

"பெரியவர் நிற்பது இந்தப் போட்டிக்கே பெருமை. ராயசம், பதிவோலையை எடும்."

அரண்மனை எழுத்தர் வைகுண்டம் பிள்ளையைத்தான் ராயசம் என்பார்கள். அவர் ஓலையும் எழுத்தாணியுமாகத் தயாரானார்.

"ஐயா, ஒரு சந்தேகம்" என்றார் கூத்தர். "ஓலையை இந்தக் காலத்துப் பேச்சில் எழுதலாமா, பழந்தமிழில் எழுத வேண்டுமா?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா? பழந்தமிழில்தான். வாய்க்கு வந்தபடி எழுத இது என்ன சந்தைச் சீட்டா?"

"சொல்லுக்குப் பொருளும் பழைய பொருள்தானே?"

"பின்னே? புதுப் பொருள் சொல்லுகிறவனைச் சபைக்குள் விடாதே."

"அப்படியே எழுதும், ராயசம். இனி உறுதிமொழி. முன்னோர் கேட்ட இடத்தை நாம் கேட்கலாமா, ஐயா?"

"மகா பாவம்."

"முன்னோருக்கு எதிராகப் போய் நிற்கலாமா?"

"நிற்கிறவன் மனிதனா, ஓய்?"

"அதைத் தங்கள் உறுதிமொழியாக..."

"எழுது. கொட்டை எழுத்தில் எழுது." மாமா எழுத்தாணியைப் பிடுங்கித் தானே கையெழுத்தும் போட்டார்.

"நல்லது. இனி யார் யார் எந்த வரிசையில் வந்தார்கள் என்று பதிவைப் படியும், ராயசம்."

ராயசம் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "செங்குளத்துப் போட்டிக்கண் முன்னோர் மூவர், பின்னோர் ஒருவர்."

முதலில் விஷயம் புரிந்த ஊர்த்தலைவர் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"முன்னோரா?" என்றார் மாமா. "இந்த மிளகாய்க்காரர்களா? முன்னோர் என்றால் செத்துப்போன பாட்டனும் பூட்டனும், ஓய்."

"அது பிறகு ஏறிய பொருள், ஐயா" என்றார் ராயசம். இலக்கணம் பேச அவருக்கு வருடத்தில் ஒரு நாள் கிடைப்பதே அபூர்வம். "முன் வந்தோர் முன்னோர். பின் வந்தோர் பின்னோர். பழைய பொருளில் எழுதச் சொன்னீர்கள்."

"புதுப் பொருளே இருக்கட்டும் என்றால் இப்போதே மாற்றிவிடலாம்" என்றார் கூத்தர், மிகுந்த பணிவோடு. "புதியதே நல்லது என்று தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்."

மாமா ஓலையைப் பார்த்தார். அதில் அவர் கையெழுத்து புதுக் கீறலாகப் பளிச்சென்று இருந்தது. ஊர்த்தலைவர்களைப் பார்த்தார். அத்தனை பேரும் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். எழுபது வருடமாக அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"முன்னோருக்கு எதிராக நான் நிற்பதில்லை" என்றார். "பல்லக்கைக் கொண்டு வரச் சொல்."

பல்லக்கு கோட்டை வாசலைத் தாண்டும்வரை அரசர் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு சிரித்த சிரிப்பில் தலைப்பாகை நழுவி மடியில் விழுந்தது. அன்று மூன்று குடங்களிலும் கொட்டை விழுந்தது. ஒரு கொட்டை கூடுதலாகப் பெற்றுச் சந்தைத் தலைவர் ஜெயித்தார்.

"கூத்தரே, என்ன வேண்டும், கேளும்."

"என் வேலையை இன்றைய தேதி போட்டு ஓர் ஓலையில் எழுதித் தாருங்கள், மகாராஜா."

"அதற்கு என்ன அவசியம்? அவர்தான் போய்விட்டாரே."

"இன்னொருவர் வருவார். அவர் வரும்போது நானும் முன்னோராக இருக்க வேண்டாமா?"