இடிமுழக்கம் விரதம் இருந்த கதை

நாலு கால் உண்டு, நடக்காது. நாளெல்லாம் தின்னும், உழைக்காது. அரண்மனையில் அதற்குத்தான் முதல் மரியாதை. அது என்ன?

கட்டில் என்பீர்கள். கட்டில் தின்னாது. தளபதி என்பீர்கள். அவருக்கு இரண்டே கால்தான். சரி, நானே சொல்லிவிடுகிறேன். அது கொன்றைநாட்டு அரண்மனைக் குதிரை.

ரொம்பக் காலத்துக்கு முன்னால் அந்தக் கொன்றைநாட்டை அடலேறு வர்மன் என்றொரு ராஜா ஆண்டார். எந்தப் போருக்கும் போகாததால் எந்தப் போரிலும் அவர் தோற்றதில்லை. அவருடைய எட்டு வயது மகள் மங்கைநாச்சிக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு குதிரை வந்தது. அதற்கு இடிமுழக்கம் என்று பெயர் வைத்தார்கள்.

ராஜா தினமும் காலையில் தம் கையாலேயே அதற்கு ஒரு வெல்ல உருண்டை கொடுப்பார். ராஜா ஒன்று கொடுத்தால் தளபதி இரண்டு கொடுப்பதுதானே ராஜபக்தி? தளபதி இரண்டு கொடுத்தால் ஆஸ்தானப் புலவர் சும்மா இருப்பாரா? மூன்று உருண்டையும் ஒரு பாட்டும் கொடுத்தார். பாட்டு ஜீரணமாகிவிட்டது. வெல்லம்தான் உடம்பில் தங்கியது. ஒரே வருஷத்தில் குதிரையின் வயிற்றுப் பட்டையோடு இன்னொரு பட்டையை ஒட்டுப் போட வேண்டியதாயிற்று.

ஒருநாள் காலையில் இடிமுழக்கம் லாயத்தை விட்டு வெளியே வர மறுத்தது. முன்னங்கால்களை முன்னால் நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னங்கால்களில் போட்டுக்கொண்டு நின்றது.

"லாட ஆணி சதையில் இறங்கிவிட்டது, மகாராஜா! எல்லாம் ஒண்டிமுத்துவின் கைவண்ணம்" என்றார் லாயத் தலைவர் வச்சிரநாதர். லாடம் கட்டும் ஒண்டிமுத்துவுக்குப் போன பொங்கலில் ராஜா ஒரு சால்வை போர்த்தியிருந்தார். அன்றிலிருந்து வச்சிரநாதருக்குத் தோள் குளிர்ந்துகொண்டே இருந்தது.

ஒண்டிமுத்து குளம்புகளைத் தொட்டுப் பார்த்தார். "ஆணி குத்தியிருந்தா ஒரு கால்தானே வலிக்கும், மகாராஜா? ரெண்டு முன்குளம்பும் அடுப்புக்கல்லாச் சுடுது. வெல்லமும் தானியமும் அளவு மீறினா குளம்புக்குள்ளே புண்ணாகும். தீனிதான்..."

"என்ன? என் கையால் கொடுத்ததா நோய்?" என்று கர்ஜித்தார் ராஜா. கூட வந்திருந்த சபை முழுக்கத் திடுக்கிட்டது. புலவர் இரண்டு தடவை திடுக்கிட்டார்.

"ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் தருகிறேன். ஆயுத பூசை ஊர்வலத்தில் இந்தக் குதிரை நடக்க வேண்டும். இல்லையென்றால் நீ பெண்டாட்டி பிள்ளைகளோடு நாட்டை விட்டு நடக்க வேண்டும்!"

அன்று சாயங்காலம் அமைச்சர் பொதிகைநாதர் தனியாக லாயத்துக்குப் போனார்.

"என்ன மருந்து வேண்டும், ஒண்டிமுத்து?"

"மருந்து வேண்டாமுங்க. பூட்டு வேணும். அரண்மனையில இருக்கிற அத்தனை கைக்கும்."

"பட்டினி போடப் போகிறாயா?"

"ஐயோ, கூடாதுங்க! கொழுத்த குதிரையைப் பட்டினி போட்டா வேற நோய் வந்துடும். காய்ஞ்ச புல்லைத் தண்ணியில ஊறவெச்சுப் பிழிஞ்சு, நிறுத்து, கொஞ்சம் கொஞ்சமாக் கொடுக்கணும். நிக்கிற இடத்துல மணல் மெத்தை போடணும். குளம்பு நனைய ஓடைத் தண்ணியில நிறுத்தணும். வலி போனப்புறம் மெதுவா நடத்தணும். அவ்வளவுதான்."

"ராஜாவின் கைக்குப் பூட்டுப் போட இந்த நாட்டில் கொல்லன் இல்லை" என்றார் அமைச்சர். "ஒரு மஞ்சள் கயிறு கொண்டு வா."

மறுநாள் சபையில் அமைச்சர் எழுந்து கைகூப்பினார். "மகாராஜா, தங்கள் நீண்ட ஆயுளுக்காக இடிமுழக்கம் ஒரு மண்டலம் விரதம் இருக்கிறது. ஊறவைத்த புல் மட்டுமே ஆகாரம். கழுத்தில் காப்புக் கட்டியாகிவிட்டது."

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தானாகவா?"

"நான் கேட்டேன், அது தலையாட்டியது."

"குதிரை எதற்கும் தலையாட்டுமே!" என்றார் வச்சிரநாதர்.

"இந்தச் சபையும் அப்படித்தான். அதை நாம் சம்மதம் என்றுதானே எடுத்துக்கொள்கிறோம்?"

தளபதி மெல்லக் கேட்டார்: "யாராவது மறந்துபோய் வெல்லம் கொடுத்துவிட்டால்?"

"அவர் மகாராஜாவின் ஆயுளைக் குறைக்க விரும்புகிறார் என்று அர்த்தம்."

அன்றோடு லாயத்துப் பக்கம் ஆள் நடமாட்டமே நின்றுபோயிற்று. மங்கைநாச்சி மட்டும் தினமும் வந்து, ஒண்டிமுத்து புல்லை நிறுத்துக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். புலவர் வெல்லம் என்ற சொல்லையே தம் பாட்டுகளிலிருந்து எடுத்துவிட்டார்.

ஒரு வாரத்தில் குளம்புச் சூடு தணிந்தது. நாலாவது வாரம் குதிரை மணலில் பத்தடி நடந்தது. ஆறாவது வாரம் தடவிப் பார்த்தால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. இத்தனை நாளும் அது உள்ளே இருந்ததே பலருக்குத் தெரியாது.

வச்சிரநாதருக்குப் பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் வெல்ல உருண்டைகளைத் தலைப்பாகைக்குள் ஒளித்துக்கொண்டு லாயத்துக்குள் நுழைந்தார். அந்த நேரம் பார்த்து ராஜாவும் மகளும் அங்கே வந்தார்கள். வச்சிரநாதர் பதறிப்போய்க் குனிந்து வணங்கினார். இடிமுழக்கம் தலைப்பாகையைக் கவ்வி இழுத்தது. ஏழு உருண்டைகள் உருண்டோடின.

"இது என்ன?" என்றார் ராஜா.

"தலைவலிக்கு வைத்தியம், மகாராஜா..."

"ஏழு உருண்டை! என் ஆயுளில் ஏழு வருஷமா? இனிமேல் நீர் லாயத் தலைவர் இல்லை. ஒண்டிமுத்து சொல்லச் சொல்லப் புல் பிழிந்து போடும்!"

நாற்பத்தெட்டாம் நாள் மங்கைநாச்சி கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் போக, இடிமுழக்கம் ஊர்வலம் முழுவதும் நடந்தது. ஒண்டிமுத்துவுக்கு ராஜா இரண்டு சால்வை போர்த்தினார். அதோடு நிறுத்தியிருந்தால் அவர் ராஜாவே இல்லை.

"விரதம் முடிந்தது! பாரணைக்கு விருந்து வேண்டாமா?" என்று கைதட்டினார். நாலு பேர் ஓர் அண்டாவில் சர்க்கரைப் பொங்கலைச் சுமந்து வந்தார்கள். "வயிறார ஊட்டுங்கள்! மறுபடி இது படுத்தால் ஒண்டிமுத்துவே பொறுப்பு!"

ஒண்டிமுத்து அமைச்சரைத் திரும்பிப் பார்த்தார். காப்புக் கட்ட யோசித்த அமைச்சர், காப்பு அவிழ்க்க யோசிக்கவே இல்லை. அண்டாவையும் மங்கைநாச்சியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குதிரை இளவரசியுடையது, மகாராஜா. எதைக் கொடுத்து விரதத்தை முடிப்பது என்று அவர்தான் சொல்ல வேண்டும்."

"அதற்கென்ன! ஊட்டு, கண்ணு" என்றார் ராஜா. குதிரை அண்டாவின் பக்கம் கழுத்தை நீட்டியது. மறுபக்கம் வச்சிரநாதர் புல் கூடையோடு நின்றார். சபை மொத்தமும் பொங்கலைப் பார்த்துத் தலையாட்டியது.

மங்கைநாச்சி புல்லை எடுத்துக் கொடுத்தாள்.