பதினான்கு வரி

பிரிசில்லா மேல் உலகம்மைக்கு இருந்தது ஒரே நாளில் வந்த கோபம் இல்லை. மூன்று மாதமாகச் சேர்த்து வைத்த கோபம்.

திருநெல்வேலியில் ஒரு மாடி. அங்கே பத்துப் பன்னிரண்டு பேர், காதில் ஹெட்போனும் காலடியில் பெடலுமாக வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு, பார்த்ததைப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார். இவர்கள் அதைக் கேட்டு ரிப்போர்ட்டாக டைப் அடிக்க வேண்டும். பெடலை மிதித்தால் டாக்டர் பேசுவார். காலை எடுத்தால் நிறுத்திவிடுவார்.

உலகம்மைக்கு வயது நாற்பத்தொன்று. பன்னிரண்டு வருஷம் ஜவுளிக்கடையில் நின்றே போனது. அந்தக் கடையில் விற்கிற பெண்கள் உட்காரக் கூடாது. தபால் வழியில் படித்துப் பட்டம் வாங்கி, ஆறு மாதம் பயிற்சி எடுத்து, இப்போதுதான் ஒரு நாற்காலி கிடைத்திருக்கிறது. அதுவும் நிலையில்லை. மூன்றாவது மாதக் கடைசிச் சனிக்கிழமை, மணிக்கு நூற்றெண்பது வரி அடித்துக் காட்டினால்தான் வேலை.

கடையை விட்டு வரும்போது சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே சொன்னான். "போங்க, போங்க. மூணே மாசம். இதே சேலை செக்ஷன்ல வந்து நிப்பீங்க."

அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் செரிக்கவில்லை.

கற்றுக்கொடுக்கிறவள் பிரிசில்லா. வயது இருபத்தாறு. மணிக்கு முன்னூறு வரி அடிப்பாள். ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தால் அவசரமாக அடிக்கிற மாதிரியே இருக்காது.

"எப்படி மேடம்?" என்று முதல் வாரமே உலகம்மை கேட்டாள்.

"ஷார்ட்கட்தான்க்கா. ரெண்டு எழுத்து அடிச்சா முழு வாக்கியமும் வந்து விழும். அதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. எந்த எழுத்துக்கு எந்த வாக்கியம்னு நாமதான் அதுக்குச் சொல்லி வைக்கணும்."

"உங்க லிஸ்டைக் குடுங்களேன். அப்படியே ஏத்திக்கிடுதேன்."

"அது என் கைக்குச் செஞ்சது. நீங்க தினம் பத்து செய்யுங்க."

உலகம்மைக்குச் சுருக்கென்றது. முளைச்சு மூணு இலை விடலை, அதுக்குள்ள என்ன பிசினாறித்தனம் என்று மனசுக்குள் திட்டினாள். வாயால் "சரி மேடம்" என்றாள்.

ஒருநாள் மத்தியானம் பிரிசில்லா டிபன் டப்பா கழுவப் போன நேரம், உலகம்மை அந்த லிஸ்டை எட்டிப் பார்த்தாள். எல்லாம் துண்டு துண்டாக இருந்தது. இருதயத்துக்கு ஒன்று. நுரையீரலுக்கு ஒன்று. வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்குத் தனியாக ஒன்று.

'நல்லதை எல்லாம் வேற எங்கேயோ ஒளிச்சு வச்சிருக்கா' என்று நினைத்துக்கொண்டாள்.

இனி யாரிடமும் கேட்கப் போவதில்லை என்று தானே ஒன்று செய்தாள்.

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. நோய் எங்கே இருக்கிறதோ அதை மட்டும் டாக்டர் விவரமாகச் சொல்வார். பிறகு "மற்றதெல்லாம் நார்மல்" என்று முடித்துவிடுவார். அப்படி அவர் முடித்தால், நல்ல உடம்பில் தலை முதல் கால் வரை என்னென்ன எப்படி இருக்குமோ அதை இவர்கள் பதினான்கு வரியில் அடிக்க வேண்டும். எல்லா ரிப்போர்ட்டுக்கும் அதே பதினான்கு வரிதான்.

உலகம்மை அந்தப் பதினான்கையும் இரண்டே எழுத்துக்குள் அடைத்தாள். தட்டினால் மடமடவென்று விழுந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் அரைப் பக்கம்.

பக்கத்து நாற்காலி மும்தாஜ் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, பாசஞ்சர் வண்டிக்கு எஞ்சின் மாத்திட்டாங்களா?"

"எஞ்சின் பழசுதான்ட்டி. டிரைவர் முழிச்சுக்கிட்டா."

வியாழக்கிழமை காலையில் அவள் வேகம் மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு வரி. வந்த நாளிலிருந்து முதல்முறையாக அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பிரிசில்லா வந்தாள். திரையில் இருந்த ரிப்போர்ட்டை நின்றபடியே படித்தாள். மவுசை வாங்கி, உலகம்மையின் லிஸ்டைத் திறந்து, எதையோ தேடி எடுத்து ஒரு தட்டுத் தட்டினாள்.

"மேடம், என்ன பண்ணுதீங்க?"

"அழிச்சிட்டேன்."

"எதை?"

"அந்தப் பதினாலு வரியை."

உலகம்மை அந்த இரண்டு எழுத்தையும் அடித்துப் பார்த்தாள். இரண்டு எழுத்தும் இரண்டு எழுத்தாகவே நின்றன.

காது மடல் வரைக்கும் சூடு ஏறியது அவளுக்கு.

"நாளன்னைக்கு டெஸ்ட். அது இல்லாம நான் நூத்தி நாப்பது தாண்ட மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?"

"ஆமா."

"கேட்டா குடுக்க மாட்டீங்க. நானாச் செஞ்சா அழிப்பீங்க. நான் இங்க இருக்கது பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேராச் சொல்லிருங்க மேடம். எனக்கும் ரோஷம் இருக்கு."

அந்த வரிசையில் எல்லோரும் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டார்கள்.

"இந்த ரிப்போர்ட்டைக் கொஞ்சம் வாசிங்கக்கா," என்றாள் பிரிசில்லா.

உலகம்மை பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தாள். "வலது கால் முட்டிக்குக் கீழே எடுக்கப்பட்டிருக்கிறது. தையல் போட்ட இடம் ஆறி வருகிறது. இருதயம் சீராகத் துடிக்கிறது. நுரையீரல் தெளிவாக இருக்கிறது. வயிற்றில் வீக்கம் இல்லை. இரண்டு பாதங்களிலும் நாடி நன்றாகக் கிடைக்கிறது. கால் விரல்கள் பத்திலும் உணர்ச்சி இருக்கிறது. துணையில்லாமல் நடக்கிறார்." நிமிர்ந்தாள். "வாசிச்சாச்சு. எழுத்துப்பிழை ஒண்ணுகூட இல்ல."

"இன்னொரு தடவை. மெதுவா."

மறுபடி வாசித்தாள். பாதங்கள் வந்த இடத்தில் குரல் இறங்கியது. பத்து விரல் வந்த இடத்தில் நின்றுவிட்டது.

வெட்கம் வந்தால் கோபம் அடங்கும் என்பார்கள். உலகம்மைக்கு அது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றின மாதிரி ஆனது.

"மத்ததெல்லாம் நார்மல்னு டாக்டர்தான் சொன்னாரு. அப்படிச் சொன்னா இந்தப் பதினாலையும் போடணும்ங்கது நம்ம ஆபீஸ் வழக்கம். இதை என்ன, நானா எழுதுனேன்?"

"பின்னே யாரு எழுதுனா?"

"மெஷினு."

"அப்ப சனிக்கிழமை டெஸ்டுக்கு அதையே வரச் சொல்லுவமா?"

யாரோ வாயைப் பொத்திச் சிரித்தார்கள். உலகம்மை விருட்டென்று எழுந்தாள். நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் முட்டியது.

"ரெண்டு மூணு வரி தப்பு. அதைத் திருத்தினாப் போச்சு. அதுக்காக ஒருத்தி பொழப்பையே அழிப்பாங்களா? உங்களுக்கு முன்னூறு வேணும். எனக்கு நூத்தெண்பது கூடாது. என்ன நியாயம் மேடம் இது? நான் வேற எதையும் கேக்கலை. எனக்கு வேகம் வேணும். அம்புட்டுத்தான்."

பிரிசில்லா ஹெட்போனை எடுத்து உலகம்மையின் காதில் மாட்டினாள். அதே டாக்டரின் பதிவைப் பின்னுக்கு இழுத்து ஓரிடத்தில் நிறுத்தினாள். குனிந்து, பெடலைத் தன் கையாலேயே அமுக்கினாள்.

டாக்டர் பேசினார். களைத்த குரல். உலகம்மை நின்றபடியே கேட்டாள்.

பிரிசில்லா கையை எடுத்தாள். "எதைப் பத்திச் சொல்லுதாரு?"

"அந்தக் காலை எடுத்த ஆபரேஷனைப் பத்தி."

"எவ்வளவு நேரம் ஆச்சாம்?"

உலகம்மை ஹெட்போனைக் கழற்றினாள். "ரெண்டு மணி நாப்பது நிமிஷம்."

"அம்புட்டு நேரம் நின்னு எடுத்த காலை, நீங்க ஒரே தட்டுல ஒட்ட வச்சிட்டீங்க," என்றாள் பிரிசில்லா. "இதுக்கு மேலயும் என்ன வேகம்க்கா வேணும் உங்களுக்கு?"